நீங்க உக்காருங்க

என் கணவர் மலேசிய ராணுவத்தில் சார்ஜண்ட்டாக இருந்தார். எங்கள் மகளுக்கு எட்டு வயதானபோது அமைதிப்படையோடு ஒரு வருடம் லெபனானுக்குப் போனார். போவதற்கு முந்தின வாரம், கிள்ளானில் எங்கள் வீட்டு டிவி மேசையின் இழுப்பறையில் ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்தார். திரும்பி வந்ததும் அதில் இரண்டு கட்டங்களில் ஒன்றில் கோடு போட வேண்டும். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிடுவது ஒன்று. இன்னும் சில வருடங்களுக்குச் சேவையை நீட்டிப்பது மற்றது. "இதோட போதும். வந்து வீட்டோட இருந்திடறேன்" என்று அவரேதான் சொன்னார். நான் கெஞ்சவில்லை, அழவில்லை, கேட்கக்கூட இல்லை.

திரும்பி வந்தவர் இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டார். போட வைத்தது நான். அவர்மேல் பழி போட்டு, ராணுவத்தின்மேல் பழி போட்டு, கடைசியில் வேறு ஆள் கிடைக்காமல்தான் என்னிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் இல்லாத அந்த ஒரு வருடத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் இன்றும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் எனக்கு வேலை. கண்டெய்னர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்துவது என் பாதி உத்தியோகம். வீட்டையும் அப்படியே நடத்தினேன். முதல் இரண்டு மாதம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் பிடிபட்டுவிட்டது. சமையலறை அலமாரிகளை என் கைக்கு எட்டும்படி மாற்றி வைத்தேன். கூரை ஒழுகியதற்கு ஆள் பிடித்தேன். சாயங்காலம் மழையில் காரிலிருந்து இறங்கி கேட்டைத் திறப்பது தொல்லை என்று ஆட்டோ கேட் போட்டேன். மகளின் பள்ளிச் சீருடையை வாரம் ஒரு தடவை டோபி கடையில் கொடுத்து வாங்கினேன். கார் டயருக்குக் காற்று அடிக்கக் கற்றுக்கொண்டேன். அவர் போனில் கூப்பிடும்போதெல்லாம் இவற்றைத்தான் சொல்வேன். லைன் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்தான் பேசுவேன். அவர் "ம்", "சரி", "கெட்டிக்காரி" என்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்று நான் கேட்டதில்லை. துப்பாக்கி வைத்துக்கொண்டு பாலைவனத்தில் நிற்கிறார் என்று என் மனதில் ஒரு படம் இருந்தது. ஒரு நாள் பனிக்கட்டி மேல் நின்றுகொண்டு ஆப்பிள் தின்கிற போட்டோ அனுப்பினார். பாலைவனம் போனது, துப்பாக்கி மட்டும் படத்தில் நின்றுவிட்டது.

அவர்கள் திரும்பி வருவதற்குச் சில நாட்கள் முன்னால் முகாமில் மனைவிமார்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். போகத்தான் வேண்டும் என்றதால் அரை நாள் லீவு போட்டுப் போனேன். மண்டபத்தில் தமிழச்சி நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். கேப்டனாக இருந்த ஒரு மலாய்ப் பெண் பேசினார். கவுன்சிலிங் படித்தவராம், மெல்லிய குரல். திரும்பி வருகிறவர் தன் வீட்டுக்குள்ளேயே தெத்தாமு, அதாவது விருந்தாளி மாதிரி நுழைவார் என்றார். அவரை விருந்தாளியாகவே வைத்துவிடாதீர்கள், முதல் நாளே ஒரு வேலை கொடுங்கள், சின்ன வேலையாக இருந்தால் போதும், குப்பையை வெளியே வைப்பதாகக்கூட இருக்கட்டும் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வருடம் முழுக்க எங்கேயோ கிடந்து உயிரோடு வருகிற மனுஷனை வாசலில் வைத்துக் குப்பை தூக்கச் சொல்வதா? நம் வீட்டில் அப்படிச் செய்தால் ஊர் என்ன பேசும்? இந்தம்மாவுக்கு நம் பழக்கம் தெரியாது, வேறு எவருக்கோ சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் மீதியைச் சொல்லி முடிக்கும் வரையில் நான் மடியில் போனை வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்காரரோடு மாலைக்கு வாட்சப்பில் பேசிக்கொண்டிருந்தேன். ரோஜா மாலையா, சம்பங்கியா என்பது அன்றைக்கு எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

என் கணவர் வந்திறங்கிய நாளில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. செமினியிலிருந்து என் தங்கை முந்தின நாளே வந்துவிட்டாள். சுபாங்கில் விமானத்திலிருந்து இறங்கியவருக்கு மாலை போட்டோம், வீட்டு வாசலில் ஆலம் சுற்றினோம். ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டு, ரசம், பாயசம் என்று வாழை இலை போட்டு அவரை முதலில் உட்கார வைத்துப் பரிமாறினோம். அவர் சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கக் குனிந்தார். தங்கை பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். "மாமா, நீங்க உக்காருங்க." எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலையில் காப்பி கலக்கலாம் என்று அவரே சமையலறைக்குப் போயிருக்கிறார். நான் போனபோது ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்டியெல்லாம் எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். பதினோரு வருடம் குடியிருந்த வீட்டில் அப்படிக் கேட்கிறோமே என்று அவருக்கே கொஞ்சம் வெட்கம். நான் கரண்டி எங்கே என்று சொல்லியிருக்கலாம். "நீங்க உக்காருங்க, நா கலக்கித் தரேன்" என்று சொல்லிக் குவளையை வாங்கிக்கொண்டேன்.

அந்த வார்த்தை எனக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. மீன் காய்கறி வாங்கப் பாசாருக்கு அவர் கூட வரக் கிளம்பினால் சொல்வேன். துணி காயப் போடக் கூடையைத் தூக்கினால் சொல்வேன். துடைப்பத்தைத் தொட்டால் கூச்சலே போடுவேன். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாம் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், அப்படித் தாங்கினேன்.

கேட் விஷயம் மட்டும் அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது. அவர் லெபனான் போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் நாட்களில், சாயங்காலம் என் கார் தெருமுனையில் திரும்புகிற சத்தத்துக்கே வெளியே வந்து கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். நான் நிறுத்தாமல் உள்ளே ஓட்டிக்கொண்டு போவேன். திரும்பி வந்த பிறகும் அதே மாதிரி சத்தம் கேட்டு வந்தார். நான் காருக்குள்ளிருந்து பட்டனை அழுத்தினேன். கேட் தானாக நகர்ந்து திறந்தது. அவர் கையை நீட்டியபடி அதன் பின்னால் இரண்டு அடி நடந்தார், பிறகு ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார். நாலைந்து நாள் அப்படி வந்து நின்றார். அப்புறம் வரவில்லை. வெயிலில் எதற்கு நிற்க வேண்டும், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரியது இஸ்திரிப் பெட்டி. மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்து அவளுடைய சீருடையை இஸ்திரி போடுவது அவர் வேலையாக இருந்தது. அவர் மடிப்பு வைத்தால் அந்த நீலப் பினபோர் கவுனின் மடிப்பில் விரலை அறுத்துக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளி டீச்சர்கள் அவளை நிற்க வைத்து மற்ற பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாம். அப்பாவும் மகளும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். யார் யாரோடு சண்டை, யார் யாருடைய பென்சிலை எடுத்தது, எல்லா வழக்கும் அங்கேதான் விசாரணைக்கு வரும். வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விடிகாலையில் எழுந்து வந்து பார்த்தால் ஹாலில் மேசை விரித்து, பெட்டியைச் சூடேற்றிக்கொண்டு நிற்கிறார். மகளின் வெள்ளைச் சட்டை மேசைமேல். மகள் பல் தேய்த்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறாள்.

நான் போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். பீரோவில் டோபி கடையிலிருந்து வந்த ஐந்து செட் வரிசையாகத் தொங்குவதைக் காட்டினேன். "எல்லாம் ரெடியா இருக்கு. நீங்க எதுக்குக் காலங்காத்தால? உக்காருங்க." மகள் பீரோவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது, ஒரு வருடப் பழக்கம். அவர் பெட்டியின் வயரைச் சுற்றினார். ராணுவத்தில் எப்படிச் சுற்றச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படி, ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல், மெதுவாக.

அன்பினால் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி அதுதான். மீதிப் பாதியை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் கஷ்டப்பட்டு ஒழுங்கு பண்ணிய வீட்டில் ஒருவர் குறுக்கே நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் துணி காயப் போட்டால் என் மாதிரி இருக்காது. அவர் பாசாருக்குப் போனால் நான் வாங்குகிற மீன்காரனிடம் வாங்க மாட்டார். உட்கார வைத்துவிட்டால் எனக்கு வேலை சீக்கிரம் முடியும். அதற்கு உபசாரம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அவரும் உட்கார்ந்தார். நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தார். பேச்சு குறைந்தது. குளியலறைக் குழாயை இறுக்கி மூடினோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார். காலி மினரல் பாட்டில்களை எல்லாம் கழுவி, தண்ணீர் பிடித்து, சமையலறைத் தரையில் அடுக்கினார். நான் அவற்றைக் கொட்டிக் கவிழ்த்துத் தூக்கிப் போட்டேன். தங்கையிடம் போனில், "அங்கப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரு மாதிரிதான் இருக்காரு, ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும் லா" என்றேன். ரெஸ்ட்தான் மருந்து என்று நினைத்து, மருந்தை இன்னும் கூட்டிக் கொடுத்தேன்.

அவருடைய லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது தண்ணீர் வெட்டு என்று அறிவிப்பு வந்தது. கிள்ளான் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. நாலு நாள் குழாய் வராது என்றார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் எங்கள் வீடு என் வீடாக இல்லை. கார் நிறுத்துமிடத்தில் ஆறு பெரிய நீலத் தோங்குகள், பிளாஸ்டிக் பீப்பாய்கள், வரிசையாக நின்றன, ஆறும் கழுத்து வரை தண்ணீர். எங்கேயோ போய் வாங்கி, யாரோ ஒருவருடைய லோரியில் ஏற்றி வந்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பேனாவில் எழுதியிருந்தது: குடிக்க, சமைக்க, குளிக்க, கக்கூசுக்கு. பிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல். எந்த நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம், பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போக வேண்டும், எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். மகள் ஒரு குச்சியை வைத்துத் தோங்கில் ஆழம் அளந்து அவரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வந்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்க்கவில்லை.

பட்டியலின் கடைசி வரி பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிக்கு. தனியாக இருக்கிறவர், முழங்கால் முடியாதவர். காலையில் இரண்டு வாளி, சாயங்காலம் இரண்டு வாளி என்று எழுதியிருந்தது. அவரிடம் போய்ச் சொல்லியும் வைத்திருந்தார்.

இதையெல்லாம் நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் மத்தியானமே நான் தங்கைக்குப் போன் போட்டு ஏற்பாடு பண்ணியிருந்தேன். செமினியில் தண்ணீர் வெட்டு இல்லை. பையைக் கீழே வைக்காமலே சொன்னேன். "எல்லாரும் தங்கச்சி வீட்டுக்குப் போறோம். அங்க ஷவரே வருது. ஒரு வருஷம் கஷ்டப்பட்டது பத்தாதா, இங்கயும் வந்து வாளி தூக்கணுமா நீங்க?"

அவர் குச்சியை மகளிடமிருந்து வாங்கி, துடைத்து, தோங்கின்மேல் குறுக்காக வைத்தார்.

"ஆன்டிக்குச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"அவங்க மகன் வந்து பாத்துப்பான். நீங்க கெளம்புங்க."

கிளம்பினார். அவர் சத்தம் போட்டிருந்தால் நான் நின்றிருப்பேனா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

செமினியில் நாலு நாளும் ராஜ உபசாரம். என் தங்கை எனக்குத் தங்கைதானே, அவர் கையில் ஒரு தட்டு இருக்க விடவில்லை. சோபாவில் உட்கார வைத்து ரிமோட்டைக் கையில் கொடுத்தாள். குளியலறையில் ஷவர் கொட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பார். நான் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன், களைப்பு என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளானுக்குத் திரும்பினோம். காலையிலேயே குழாயில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. ஆறு தோங்குகளும் நாங்கள் விட்டுப்போனபடியே நிறைந்து நின்றன. பக்கத்து வீட்டு வேலியோரம், எங்கள் பக்கமாக, நான்கு சிவப்பு வாளிகள் வரிசையாக இருந்தன. நான்கும் காலி. ஆன்டி எட்டிப் பார்த்து, பரவாயில்லை, கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிச் சமாளித்துவிட்டேன் என்று மலாயில் சொன்னார். மகன் வேலை விஷயமாக பினாங்குக்குப் போயிருந்தானாம். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஆன்டியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்த வாளிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். நான் உள்ளே போய் அரிசியை ஊற வைத்தேன்.

திங்கட்கிழமை அவர் முகாமுக்குப் போய்விட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை ஏதோ பில்லைத் தேடி டிவி மேசை இழுப்பறையைத் திறந்தேன். பாரத்தைக் காணவில்லை. கேட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நீட்டித்துவிட்டாராம். கடல் தாண்டி சபா மாநிலத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்றார்.

என் வாய் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அது எவ்வளவு நீளும் என்று எனக்கே தெரிந்தது. வாக்கு மாறினவர் என்றேன். பிள்ளையைப் பற்றி நினைப்பு இல்லாதவர் என்றேன். ஒரு வருடம் ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதற்கு இதுதான் மரியாதையா என்று கேட்டேன். அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"அங்க நா இல்லன்னா தண்ணி வராது" என்றார். "இங்க நா இல்லன்னாலும் எல்லாம் நல்லாத்தானே நடக்குது."

"என்ன தண்ணி?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில், ஆச்சரியம்தான் இருந்தது. அப்போதுதான் சொன்னார். லெபனானில் அவருக்குத் துப்பாக்கி வேலை இல்லை. முகாமுக்குத் தண்ணீர் அவர் பொறுப்பு. பம்ப், தொட்டி, மருந்து கலப்பது, லோரியில் கொண்டுவருவது எல்லாம். வெளியே குண்டுச் சத்தம் கேட்டு எல்லோரும் பதுங்கு அறைக்குள் இருந்த நாட்களில், உள்ளே இருக்கிற தண்ணீர் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும் என்று அவரிடம்தான் வந்து கேட்பார்களாம். யாருக்கும் ஒரு வாய் குறையவில்லை என்றார். அதைச் சொல்லும்போது தோங்குக்குப் பக்கத்தில் நின்ற அந்த முகம் ஒரு நிமிடம் வந்துவிட்டுப் போனது.

பன்னிரண்டு மாதம் போனில் பேசியிருக்கிறேன். கூரை ஒழுகல் தெரியும், டயர் காற்று தெரியும், ஆட்டோ கேட் தெரியும். என் புருஷன் என்ன வேலை செய்தார் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. மனம் உடைந்துபோனது. அப்போதாவது போகாதீங்க என்று சொன்னேனா? இல்லை. ரோஷம். "போங்க, எங்களுக்குப் பழக்கம்தான்" என்றேன்.

சபாவில் நாலு வருடம். நடுவில் லீவுக்கு வருவார், பத்து நாள் இருப்பார், போவார். அந்தப் பத்து நாளில் நான் மாற முயன்றேன். ஆனால் வேலையைக் கேட்டு வாங்குகிற பழக்கத்தை அவர் விட்டுவிட்டிருந்தார். பையை அறை மூலையில் திறந்தபடியே வைத்திருப்பார், துணியை அலமாரியில் வைக்க மாட்டார். சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்வார். முதல் தடவை அப்படிச் சொன்னபோது நான் குளியலறைக்குள் போய் அழுதேன். விருந்துக்கு வந்தவர்தான் அப்படிச் சொல்வார். வீட்டுக்காரர் உப்பு பத்தவில்லை என்பார்.

போன வருடம் அந்தக் கேப்டனிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இப்போது மேஜர். புதிதாக ஒரு குழு லெபனானிலிருந்து திரும்புகிறது, மனைவிமார் கூட்டத்தில் அனுபவப்பட்டவர் யாராவது பேசினால் நன்றாக இருக்கும் என்றார். ஒரு தடவை முகாமில் அவரைப் பார்த்து, நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை என்று என் கதையை ஒப்பித்திருந்தேன். அதை மறக்காமல் வைத்திருக்கிறார்.

போனேன். என் ஆபீஸ் மலாயில் பேசினேன். வீட்டில் ஒரு பல்பு பியூஸ் ஆனால் மாற்றாதீர்கள், அவருக்கு வைத்திருங்கள் என்றேன். கரண்டி எங்கே என்று கேட்டால் இடத்தைக் காட்டுங்கள், கரண்டியை எடுத்துக் கொடுக்காதீர்கள் என்றேன். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றேன். சிரித்தார்கள். முன்வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்து போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். கேக்குக்கு ஆர்டர் கொடுக்கிறாளோ என்னவோ. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

இந்த வருடம் என் கணவர் சேவை முடிந்து மொத்தமாக வந்துவிட்டார். இந்த முறை மாலை இல்லை, ஆலம் இல்லை. தங்கையை ஒரு வாரம் கழித்து வா என்று சொல்லிவிட்டேன். குளியலறை பல்பு எரியாமல் இருந்தது, அப்படியே விட்டேன். ஆட்டோ கேட்டின் பேட்டரியை நானே கழற்றி வைத்துவிட்டு, கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னேன். டோபி கடைக்குப் போவதை நிறுத்தினேன். இஸ்திரி மேசையை ஹாலிலேயே விரித்து வைத்தேன். கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன்.

பல்பை மாற்றினார். மூன்றாம் நாள் சாயங்காலம் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தெருவிலிருந்து உள்ளே ஓட்டுவதற்கு நான் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை. நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், ஹால் அங்கிருந்து தெரியும். அவர் மேசை அருகே போய்ப் பெட்டியைச் சூடேற்றினார். மகளின் சீருடையை எடுத்து உதறினார். இடைநிலைப்பள்ளிச் சீருடை, வெளிர் நீலம். அவர் முன்பு இஸ்திரி போட்ட சின்னப் பினபோர் மூன்றை இதிலிருந்து தைக்கலாம் என்கிற அளவுக்குத் துணி. அவர் மடிப்பை விரலால் நீவிக் கண்டுபிடித்து, பெட்டியை எடுத்தார்.

மகள் குளித்துவிட்டு வந்தாள். பதினாலு வயது, என் உயரம். அப்பாவைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். அவள் முகத்தில் எரிச்சல் துளிகூட இல்லை, பாசம்தான். அவர் கையிலிருந்து பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க எதுக்கு? நா பண்ணிக்கிறேன். நீங்க உக்காருங்க."

வார்த்தை மட்டும் இல்லை, அந்த இழுப்பும் என்னுடையது. தோசைக் கரண்டியோடு நான் ஹாலுக்குப் போனேன். சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும், ஒரு மண்டபம் நிறைய பெண்களுக்குச் சொன்னவள். அவள் ஏற்கனவே இஸ்திரி போட ஆரம்பித்திருந்தாள். அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அவள் மடிப்பு எடுக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"புள்ளைய நல்லா வளத்திருக்க" என்றார்.

அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.